எள்ளு படாத ரொட்டி

எங்க அக்கா என்னைப் பொறாமைக்காரன்னு சொல்றப்ப நான் மறுக்கறதில்ல. ஆமா, பொறாமைதான். ஆனா அது சும்மா வரல. ஒருத்தன் இருபத்திரெண்டு வருஷமா எள்ளோட மாரடிச்சிட்டு இருக்கான். நேத்து வந்த ஒரு ஆளு ஜன்னல்ல நின்னுக்கிட்டு, அதே எள்ளைப் பத்தி அந்த மாரடிக்கறவன் பொண்டாட்டிக்கே பாடம் எடுத்தா வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்க.

எங்களுது சின்ன பேக்கரி. முன்னாடி கண்ணாடி அலமாரியும் கல்லாவும். அங்க எங்க அக்கா உக்காந்திருக்கும். பின்னாடி மாவு மேஜை, ஓவன். பக்கவாட்டுல ஒரு குறுகலான சந்து, அதைப் பாத்து ஒரு ஜன்னல். மாவு பிசையறது என் வீட்டுக்காரி. எள்ளு என் வேலை. எங்க கடை ரொட்டின்னாலே மேல அப்பியிருக்கிற எள்ளுதான் பேரு. உப்புத் தண்ணியில ஊற வச்சு, ரெண்டு உள்ளங்கையில வச்சுத் தேய்ச்சு, தோலை மெதக்க விட்டு வடிச்சு, காய வச்சு, அப்புறம் வறுக்கணும். நெறத்தைப் பாத்து எறக்கறவன் ஏமாந்து போவான். ரெண்டு எள்ளை விரல் நடுவுல வச்சு நசுக்கணும். பொடிஞ்சா எறக்கலாம். நசுங்கி ஒட்டினா இன்னும் ரெண்டு நிமிஷம். இதை எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கை வெந்து வெந்து கத்துக்கிட்டது.

இப்படி இருக்கறப்பதான் அந்த ஆளு வந்து சேர்ந்தான். எதிர்த் தெரு காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுக்கறவன். ஒல்லியா, கண்ணாடி போட்டு, தோள்ல ஒரு துணிப்பை. வயசு அம்பது இருக்கும். ஆனா தலைமுடி எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு. அதுவே எனக்குப் பிடிக்கல. நான் அவனுக்கு எள்ளு வாத்தியார்னு பேர் வச்சேன். என்னமோ எள்ளோட வரலாறைப் புத்தகமா எழுதறானாம். ஒலகத்துல எழுதறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கல பாருங்க.

கடைக்குள்ள வர மாட்டான். தினமும் எட்டரை மணிக்குச் சந்துக்குள்ள வந்து ஜன்னல்கிட்ட நிப்பான். உள்ள வந்தா என்னவாம், எங்க தரை அவன் செருப்புக்கு ஆகாதான்னு நெனச்சுக்குவேன். அது கூடப் பரவால்ல. அவனுக்குத் தனி ரொட்டி! காலையில அஞ்சு மணிக்கு, நான் எள்ளு மூட்டையைத் தொறக்கறதுக்கு முன்னாடி, என் வீட்டுக்காரி ஒரு சின்ன பேசின்ல தனியா மாவு பிசைவா. தனித் தட்டு. தனித் துணி. ஓவன்ல மொத ஆளா அதுதான் போகும். வெந்ததும் காகிதத்துல சுத்தி, ஜன்னலுக்குப் பக்கத்துல ஒசரமா ஒரு பலகையில வச்சுடுவா. எந்நேரமும் எள்ளு எள்ளுன்னு பேசற ஆளுக்கு எள்ளு போடாத ரொட்டி. அதாவது, நான் கை வச்சது ஆகாது, அவ கை வச்சது மட்டும் வேணும். எனக்கு அப்படித்தான் தோணுச்சு. யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் தோணும்.

நான் கேக்காம இல்ல. "அது என்ன, மாப்பிள்ளைக்கு மாதிரி தனி கவனிப்பு?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"என்னங்க, சாருக்கு இந்த எள்ளு வந்து..."ன்னு ஆரம்பிச்சா.

"எள்ளும் வேணாம், சாரும் வேணாம். காலங்காத்தால அந்த ஆளு பேச்சை எடுக்காத. வேலையைப் பாரு"ன்னுட்டேன்.

அவ மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. அதுக்கப்புறம் அந்த ஆளைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் அதையும் தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன்.

பேச்சு மட்டும் ஜன்னல்ல நடந்துக்கிட்டே இருந்துச்சு. அவன் ரொட்டியோட ஓரத்தைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டே பேசுவான். இவ மாவு கையோட நின்னு கேப்பா. நான் ஓவன்கிட்ட நின்னு கேப்பேன், கேக்காத மாதிரி.

"மனுஷன் மொதமொதல்ல எண்ணெய்க்காகப் பயிர் பண்ணினதுல எள்ளு ரொம்பப் பழசும்மா. சிந்து நதிக்கரையில தோண்டினப்ப கருகிப் போன எள்ளு கட்டியா கெடைச்சிருக்கு. நாலாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

"கருகினதா? அப்பவும் யாரோ அடுப்பை மறந்துட்டு பராக்குப் பாத்திருக்காங்க சார்"னு சொல்லிட்டு இவ என்னைத் திரும்பிப் பாத்து சிரிக்கறா. முந்தின நாள்தான் ஒரு சட்டி எள்ளு எனக்குத் தீஞ்சு போயிருந்துச்சு. எதனால தீஞ்சுது? இவங்க பேச்சை ஒட்டுக் கேட்டதனாலதான்.

இன்னொரு நாள் காயைப் பத்தி. "எள்ளுக்காய் முத்தினா தானா வெடிச்சு வெதையைச் சிதறிடும். அதனால வெடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே செடியை அறுத்து, கட்டுக் கட்டா நிக்க வச்சுக் காய விடுவாங்க. அப்புறம் துணி விரிச்சு அது மேல தலைகீழாக் கவுத்துத் தட்டுவாங்க. ஒரு நாள் பிந்தினா பாதி மண்ணோட போயிடும். இத்தனை ஆயிரம் வருஷமா மனுஷன் இந்த ஒரு நாளைப் பிடிக்கத்தான் ஓடிக்கிட்டு இருக்கான்."

"ஐயோ, அவ்வளவு சின்னதுக்கு அவ்வளவு ரோஷமா"ன்னா இவ. இருபத்திரெண்டு வருஷத்துல நான் சொன்ன எதுக்கும் இவ இப்படிக் கண்ணை விரிச்சதில்ல. எள்ளோட நெய்தான் எண்ணெய் ஆச்சுன்னு அவன் சொன்னதுக்குக் கூட "அப்படியா சார்!"ங்கறா. அது அஞ்சாங் கிளாஸ் புள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்குக் காதுல புகை வராத கொறைதான்.

எங்க அக்கா கல்லாவுல இருந்தே நாடகம் பாக்கும். "டேய் தம்பி, எள்ளு வறுபடுதோ இல்லையோ, நீ நல்லா வறுபடறே"ன்னு சொல்லிச் சிரிக்கும்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒரு நாள் என் தொழில்லயே கை வச்சுட்டான். அன்னிக்குச் சத்துக் கணக்கு. நூறு கிராம் எள்ளுல பாதி கொழுப்பு, அதுவும் பெரும்பாலும் நல்ல கொழுப்பு. அஞ்சுல ஒரு பங்கு கிட்ட புரதம். செம்பு, மக்னீசியம், இரும்பு. கால்சியம் மட்டும் தொள்ளாயிரம் மில்லிகிராமுக்கு மேல. "ஆனா பாருங்கம்மா, அந்தக் கால்சியம் பத்துல ஒம்பது பங்கு தோல்ல இருக்கு. தோலை எடுத்துட்டா நூறுக்கும் கீழ எறங்கிடும். தோலோட தின்னாலும் முழுசா ஒடம்புல சேராது. தோல்ல இருக்கிற ஒரு உப்பு அதை விடாம பிடிச்சுக்கும். அதனால கால்சியத்துக்கு எள்ளே போதும்னு சொல்றதை நம்பாதீங்க. ஆனா தோலைத் தூக்கிப் போடறது நஷ்டம்தான்."

சாயங்காலம் இவ மெதுவா வந்தா. "என்னங்க, இனிமே தோல் எடுக்காத எள்ளையே போட்டுப் பாக்கலாமா?"

இருபத்திரெண்டு வருஷம் தேய்ச்ச உள்ளங்கைங்க இது. ரேகையே அழிஞ்சு போன கை. ஜன்னல்ல நின்ன ஒரு ஆளு அஞ்சு நிமிஷத்துல அவ்வளவு வேலையையும் நஷ்டக் கணக்குல எழுதிட்டுப் போயிட்டான். "அவன் கடைக்குப் போய் அவனுக்கு ரொட்டி சுட்டுப் போடு"ன்னு கத்தினேன். அவனுக்குக் கடையே இல்லைன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

அன்னிக்கே முடிவு பண்ணினேன். அந்த ஆளு என் எள்ளை ஒரு தடவை தின்னணும். தோல் எடுத்த, என் கையால தேய்ச்ச எள்ளு. தின்னுட்டு, "ஆகா, இன்னிக்கு ரொட்டி பிரமாதம்"னு இவகிட்ட சொல்லணும். அந்த எடத்துல நான் போய் நின்னு, "சார், அது என் எள்ளு"ன்னு சொல்லணும். அவ்வளவுதான் என் ஆசை. அவனுக்கு ஒரு கெடுதலும் நெனைக்கல. அவன் மூஞ்சியில ஈயாடாம போகணும், இவ அதைப் பாக்கணும். வேற எதுவும் இல்ல.

மறுநாள் காலையில இவ சின்ன பேசின்ல மாவைப் பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடி வச்சுட்டுக் குளிக்கப் போனா. நான் முந்தின நாளே வெள்ளை எள்ளை வறுக்காம பச்சையா அரைச்சு வச்சிருந்தேன். வறுத்தா வாசனை காட்டிக் குடுத்துடும். பச்சையா அரைச்சா பாலாடை மாதிரி இருக்கும், ஒரு வாசனையும் தெரியாது. இதெல்லாம் எந்த வாத்தியாருக்குத் தெரியும்? ரெண்டு பெரிய கரண்டி எடுத்து மாவுல மடிச்சு மடிச்சுச் சேத்தேன். துணியை இருந்த மாதிரியே மூடினேன். கையைக் கழுவறப்ப விசில் கூட அடிச்சேன்.

அவ வந்து உருட்டறப்ப, "மாவு இன்னிக்குக் கொஞ்சம் ஒட்டுதே"ன்னா.

"ஈரக் காத்து"ன்னேன்.

எட்டரைக்கு அவன் வந்தான். நேரா வீட்ல இருந்து வர்றான். காலேஜ் தொறக்கறதே ஒம்பது மணிக்கு. இவ காகிதத்தைப் பிரிச்சுக் குடுத்தா. ஓரத்தைப் பிச்சான், வாயில போட்டான். நான் துண்டுல கையைத் தொடைச்சுக்கிட்டு, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, ஓவன் பக்கம் தயாரா நின்னேன். கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன்னே வச்சுக்குங்க.

"இன்னிக்கு ரொட்டி ரொம்ப மெத்துனு இருக்கும்மா"ன்னான். இன்னும் பெரிசா ஒரு துண்டைப் பிச்சுப் போட்டுக்கிட்டான்.

நான் ஒரு எட்டு எடுத்து வச்சேன். வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவன் ஒதட்டைச் சொறிஞ்சான். அப்புறம் கழுத்தை. கண்ணாடியைக் கழட்டினான். கண்ணு ரெண்டும் செவந்து வீங்கிக்கிட்டு வருது. ஏதோ சொல்ல வந்தான், கொரலுக்குப் பதிலா காத்துதான் வந்துச்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சவன் அப்படியே சரிஞ்சு சந்துல உக்காந்துட்டான்.

"எள்ளு!"ன்னு கத்தினா என் வீட்டுக்காரி. "அய்யோ, எள்ளு பட்டிருக்கு! அவருக்கு எள்ளு ஒரு பொட்டு கூட ஆகாதுங்க, உயிரே போயிடும்!"

அவ பின்கதவு வழியா ஓடினா. மாவுக் கையை மேல்துணியில தொடைச்சுக்கிட்டே அவன் பையோட சைடு பாக்கெட்டைத் தொறந்தா. பேனா மாதிரி ஒரு ஊசியை எடுத்தா. மூடியைப் பிடுங்கி, தொடையில ஓங்கிக் குத்தி, உள்ளுக்குள்ளயே எண்ணிக்கிட்டு அழுத்திப் பிடிச்சா. இப்படி ஆனா ஒடனே குத்தணும்னு எப்பவோ அவன் சொல்லிக் குடுத்திருக்கான். அந்த நேரத்துல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சொன்னா காறித் துப்புவீங்க. இந்த ஆளோட பையில எது எங்க இருக்குன்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கேன்னு தோணுச்சு. ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கறான், எனக்கு அதான் தோணுச்சு.

அப்புறம்தான் அவ "வண்டியை எடுங்க!"ன்னு கத்தினது காதுல விழுந்துச்சு. ரொட்டி ஏத்தற வேன்ல அவனைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். ரோட்டுல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். ஹாரன்ல இருந்து கையை எடுக்கல. பின்னாடி அவ அவன் தலையை நிமித்திப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே பேசறா. அவன்கிட்ட இல்ல, என்கிட்டதான்.

"ஆறு வயசுல ஒரு தடவை செத்துப் பொழைச்சாராம். அதுல இருந்துதான் எள்ளைப் பத்திப் படிக்கவே ஆரம்பிச்சாராம். தன்னைக் கொல்லப் பாத்தது என்னன்னு தெரிஞ்சுக்க வேண்டாமான்னு சொல்லிச் சிரிப்பார். எந்தக் கடையிலயும் நம்பி ஒரு ரொட்டி வாங்க முடியலன்னு சொன்னார். நான்தான், என்னை நம்பி சாப்பிடுங்க சார்னு சொன்னேன். நான்தாங்க சொன்னேன். பேசினைச் சரியாக் கழுவாம விட்டேனோ என்னமோ. மாவு ஒட்டறப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். இனிமே இந்தக் கையால மாவு தொட மாட்டேங்க."

ரியர் வியூ கண்ணாடியில அவ மூஞ்சியைப் பாத்தேன். சொல்லிடுடான்னு உள்ள ஒருத்தன் சொன்னான். சொல்லல. பல்லைக் கடிச்சுக்கிட்டு வண்டியை ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில இன்னொரு ஊசி போட்டாங்க, மூக்குல குழாய் வச்சாங்க. பத்து நிமிஷம் பிந்தியிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ரேகை அழிஞ்ச அதே கையை. "நீங்க மட்டும் வண்டியை அப்படி ஓட்டலைன்னா..."ன்னு தேம்பினா. எத்தனை மாசமா அவ என்னை அப்படிப் பாக்கணும்னு தவிச்சேன்! இப்பப் பாக்கறா. எனக்கு நெருப்பைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு.

மத்தியானம் எங்களை உள்ள விட்டாங்க. தலையணையில சாஞ்சு உக்காந்திருந்தான். ஒதடு இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு. இவ கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. "என் தப்பு சார், என்னை நம்பினீங்களே சார்."

அவன் அவளைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் இல்ல, கொஞ்ச நேரம்தான். காலையில ஓவன் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நின்னவனை அவன் கவனிச்சிருக்கான்.

"உங்க ரொட்டி இல்லம்மா"ன்னான், கரகரன்னு. "இன்னிக்குச் சீக்கிரமே காலேஜுக்குப் போயிட்டேன். அங்க யாரோ பிஸ்கட் குடுத்தாங்க. அட்டையைப் படிக்காம தின்னுட்டேன். என் புத்தியை நான்தான் நொந்துக்கணும். நாளைக்கும் எனக்கு உங்க ரொட்டிதான் வேணும்."

அவ மூஞ்சியில உயிர் திரும்பி வந்துச்சு. "நெஜமாவா சார்?"னு ரெண்டு தடவை கேட்டா. அவன் தலையாட்டினான். அவனைக் கையெடுத்துக் கும்பிட்டா.

அவன் பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். காலேஜ் ஒம்பது மணிக்குத்தான் தொறக்கும்னு சொன்னேனே. அவனைக் கிட்டத்தட்டக் கொன்னவனை அவனே காப்பாத்தறான். நான் என்ன பண்ணியிருக்கணும்? தப்பிச்சோம்னு வாயை மூடிக்கிட்டு, வெளிய போய் ஒரு டீ குடிச்சிருக்கணும். ஆனா அவ கும்பிட்ட அந்தக் கையைப் பாத்ததும் வயித்துக்குள்ள திரும்பவும் பத்திக்கிச்சு. படிப்புலயும் அவன்தான் ஒசத்தி. பேச்சுலயும் அவன்தான் ஒசத்தி. இப்ப மன்னிக்கறதுலயும் அவனே ஒசந்து நிக்கறான். எனக்கு எள்ளளவும் மிச்சம் வைக்க மாட்டானா?

"அவர் பொய் சொல்றார்"னேன். "பிஸ்கட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான். நீ குளிக்கப் போனப்ப நான்தான் மாவுல எள்ளை அரைச்சுச் சேத்தேன்."

மனசாட்சி உறுத்திச் சொன்னேன்னு எங்க அக்கா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுது. சொல்லட்டும். உங்ககிட்ட சொல்றேன், நான் அதைச் சொன்னது நல்லவன் ஆகறதுக்காக இல்ல. அவன் என்னைவிட நல்லவன் ஆயிடக் கூடாதுங்கறதுக்காக.

அவன் கண்ணை மூடிக்கிட்டான். என் வீட்டுக்காரி எழுந்து நின்னா. அழுகை அப்படியே நின்னு போச்சு. கத்துவா, அடிப்பான்னு நெனச்சேன். மாவு விலை கேக்கற மாதிரி சாதாரணமாக் கேட்டா.

"அவருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு செஞ்சீங்களா?"

"இல்ல. உன் மேல சத்தியமா எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்ல."

"சொல்ல வந்தேன். நீங்க விடல."

"சரி, என் தப்புதான். ஆனா தெரியாது."

என் கண்ணையே பாத்தா. "தெரிஞ்சிருந்தா?"

என்ன கேள்வி இது! தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனா? நான் என்ன கொலைகாரனா? கேட்ட ஒடனே பளிச்சுன்னு சொல்ல வேண்டிய பதில். வாயையும் தொறந்துட்டேன். ஆனா சொல்றதுக்கு முன்னாடி, நெஜமாவே என்ன பண்ணியிருப்பேன்னு உள்ள ஒரு தடவை எட்டிப் பாத்துட்டேன். அந்தச் சிரிப்பு, அந்த விரிஞ்ச கண்ணு, நஷ்டம்னு அவன் சொன்னது, எல்லாம் உள்ள குமைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு விடற நேரம். அவ்வளவுதான்.

"சே, என்ன பேச்சு பேசற? செஞ்சிருக்கவே மாட்டேன்"னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். நெஜமும் அதுதான்னு இப்பவும் நம்பறேன்.

அவ அதைக் காதுல வாங்கின மாதிரியே தெரியல. மூலையில கெடந்த ஸ்டூலை இழுத்தா. அதை அவன் கட்டிலுக்கும் எனக்கும் நடுவுல போட்டு, என் பக்கம் பாத்து உக்காந்தா.